ரொக் இசைக்கும் பிள்ளைகளுக்கு மண்டபத்தை மறுத்த எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் நடத்தும் ரொக் இசைக்குழுவுக்குச் சபையின் கலாசார மண்டபத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டீர்கள். வாடகையும் பிணைப்பணமும் வாங்கிப் பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்தீர்கள். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, "பிரதேசத்தின் கலாசாரத்துக்கும் பொது அமைதிக்கும் பொருந்தாத நிகழ்வு" என்று ஒற்றை வரியில் கடிதம் அனுப்பி அதை நிறுத்தினீர்கள். அதன் பிறகு வந்த கூட்டத்தில், மேற்கத்தேய வாத்திய நிகழ்ச்சி எதற்கும் இனிமேல் மண்டபம் கொடுப்பதில்லை என்று தீர்மானமும் நிறைவேற்றினீர்கள். அன்று பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த உறுப்பினரும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அந்தத் தீர்மானத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் சபைக்கு எழுத வேண்டியதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். வன்னிப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி அனுப்பியவள். சபையில் இப்போது இருக்கும் இருவர் என்னிடம் சரளிவரிசை பாடியவர்கள். வேறு சிலரின் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். கலாசாரத்தின் பெயரால் ஒரு முடிவு எடுக்கப்பட்டால், அந்தக் கலாசாரத்தை வாழ்நாள் முழுக்கப் படிப்பித்தவள் அதைப் பற்றிக் கேட்க உரிமை உள்ளவள் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளின் பெயரையும் குழுவின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவர்களின் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். பெயர் வெளியே வந்தால் யார் யாரோ வீடு தேடி வந்து விசாரிப்பார்கள் என்ற பயம் இந்த மண்ணில் இன்னும் போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

மூவரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டிய தேவை இருக்கிறது. அவர்களை ஒருமுறையாவது நேரில் கேட்டவர் உங்களில் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கிற்றார் வாசித்துப் பாடுகிறவன் அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். ட்ரம்ஸ் அடிக்கிறவன் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் வேலை. பேஸ் கிற்றார் வாசிக்கிறவள் முன்பள்ளி ஆசிரியை. 2009 இல் மூவரும் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். மூவரும் பெற்றோரோடு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள். அந்த முகாமிலே நானும் பிள்ளைகளை இருத்திப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சுருதிப் பெட்டி இல்லை. ஒரு பிள்ளை ஆதார சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்க மற்றப் பிள்ளைகள் பாடுவார்கள். எங்கள் பாடசாலையின் வீணையும் வயலின்களும் ஹார்மோனியமும் இடம்பெயர்வின்போது போன இடம் இன்றுவரை தெரியாது. இங்கே இசை மறுபடி தொடங்கியது வெறுங்கையிலிருந்துதான்.

இந்தப் பிள்ளைகளுக்கு எந்த நிறுவனமும் வாத்தியம் வாங்கிக் கொடுக்கவில்லை. கொழும்பிலிருந்து பாவித்த ட்ரம்ஸ் ஒன்றைத் துண்டு துண்டாக பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போன காலத்தில், அம்பிளிபயர் இல்லாமல், தண்ணீர்ப் பரலைக் கவிழ்த்து அடித்து ஒத்திகை பார்த்தார்கள். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது கிற்றார்க் கம்பியின் விலையும் ஏறியது. அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு வாசித்த கிற்றாரை அவனுடைய கையில் நானே பார்த்திருக்கிறேன்.

ஒத்திகை நடக்கும் இடம் ஆலையின் பழைய களஞ்சிய அறை. ஊராருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று, சாக்குகளில் உமி நிரப்பிச் சுவர் முழுக்க ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். கூரைத் தகரத்துக்குக் கீழே பழைய பஞ்சு மெத்தைகளைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். அப்படியும் பேஸ் கிற்றாரின் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும் தகரம் சேர்ந்து அதிர்ந்தது. எந்தச் சுரம் என்று மூவரும் ஒவ்வொன்றாக வாசித்துக் கண்டுபிடித்து, அந்தப் பாட்டை அரைக் கட்டை இறக்கி வாசிக்கப் பழகினார்கள். ஊர் அமைதியைக் கெடுக்கிறவர்கள் என்று நீங்கள் எழுதியது இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

இசையைப் பற்றிச் சொல்கிறேன். அதை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் தீர்மானம் இசையைப் பற்றியது.

ரொக் நான் வளர்ந்த இசை அல்ல. அதன் சத்தம் எனக்கு இப்போதும் கூடுதல்தான். ஆனால் காது கொடுத்துக் கேட்டால் அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு சங்கீத ஆசிரியைக்கு விளங்கும். உலகம் முழுக்க ரொக் கிற்றார்க்காரர்கள் அதிகம் வாசிக்கும் ஐந்து சுரங்களை எடுத்துப் பாருங்கள்: சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். நாங்கள் அதைச் சுத்த தன்யாசி இராகம் என்று படிப்பிக்கிறோம். அவர்கள் அடிக்கடி அழுத்தி வாசிக்கும் கனத்த ஒலியில் இருப்பது வேறொன்றுமில்லை, சட்ஜமும் பஞ்சமமும்தான். தம்புராவில் நாங்கள் மீட்டும் அதே இரண்டு சுரங்கள். டிஸ்டோர்ஷன் என்று அவர்கள் சொல்லும் கரகரப்பை நீங்கள் இரைச்சல் என்கிறீர்கள். தம்புராவின் குதிரையில் நூல் செருகி ஜீவா பிடிக்கிறோமே, எதற்காக? கம்பி வெறுமனே ஒலிக்காமல், ரீங்காரத்தோடு மேற்சுரங்கள் எழும்ப வேண்டும் என்பதற்காக. அந்தக் கரகரப்பு செய்வதும் அதே வேலைதான், மின்சாரத்தால் பல மடங்கு செய்கிறது.

அந்தப் பிள்ளை கிற்றார்க் கம்பியை விரலால் பக்கவாட்டில் இழுத்து நிஷாதத்தை அசைக்கும்போது அது கமகம். அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோயிலில் நாதஸ்வரம் கேட்ட காதிலிருந்து வந்தது.

ட்ரம்ஸ்காரனின் பாட்டனார் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்து வன்னிக்கே பெருமை தந்தது. விடியவிடிய நடக்கும் அந்தக் கூத்தின் ஆட்டத்தை மத்தளமே நடத்திச் செல்லும். பேரன் அந்த மத்தளத்தை ட்ரம்ஸில் பிரித்து வைத்திருக்கிறான். காலால் மிதிக்கும் பெரிய ட்ரம், மத்தளத்தின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பியின் வேலையைச் செய்கிறது. இடப்பக்கத்துச் சின்ன ட்ரம், மற்றப் பக்கமான வலந்தலையின் வேலையைச் செய்கிறது. அவர்களின் பாட்டு ஒன்று மிஸ்ர சாபில், ஏழு மாத்திரையில் போகிறது. அதைக் கேட்டு ஐந்நூறு இளந்தாரிகள் தாளம் தவறாமல் கைதட்டியதைக் கண்ணால் பார்த்தேன். என் வகுப்பில் மிஸ்ர சாபு போடவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று எங்கள் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த வாத்தியம் அது. இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி மேடை உண்டா? ஹார்மோனியம் 1840களில் பாரிஸில் உருவானது. எங்கள் இசைநாடக மேடையில் அது ஏறி நூறு வருசத்துக்கு மேலாகிறது. கிற்றார்கூட ஈழத்தமிழருக்குப் புதிதில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரோடு பொப்பிசை பாடி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கலியாணங்களிலும் அந்தப் பாட்டுகளுக்கு ஆடியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் நேராகவே கேட்கிறேன். எங்கள் ஊர்த் திருவிழாக்களில் பூசை முடிந்த பிறகு இசைக்குழு வருகிறது. அவர்களிடமும் கிற்றார், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், கீபோட் எல்லாம் இருக்கின்றன. இரவு நெடுநேரம் சினிமாப் பாட்டுப் பாடுகிறார்கள். உபயகாரர் பட்டியலில் உங்களில் சிலரின் பெயரும் இருக்கிறது. சபை மண்டபத்திலேயே கலியாண வரவேற்புக்கு டி.ஜே. வைத்தார்கள். தென்னிந்தியத் தொலைக்காட்சியில் பாடியவர்களைக் கூட்டிவந்து நிகழ்ச்சி நடத்தினார்கள். அதற்கு வாசலில் நின்று வரவேற்றீர்கள், மாலை போட்டீர்கள். அவையெல்லாம் நடக்கலாம், நடக்கட்டும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே வாத்தியங்களைப் பிடித்து மூன்று பிள்ளைகள் தாங்களே எழுதிய பாட்டைப் பாடினால் மட்டும் அது கலாசாரத்துக்குப் பொருந்தாததாகிவிடுகிறது. வாத்தியத்தில் வேறுபாடு இல்லை. மொழியும் தமிழ்தான். வேறுபாடு ஒன்றுதான்: இவர்கள் பாடுவது எங்களைப் பற்றி.

ஆம், எங்களைப் பற்றித்தான் பாடுகிறார்கள். காலபோக வெள்ளாண்மைக்குள் யானை இறங்கிய இரவைப் பற்றி ஒரு பாட்டு. காட்டுத் திணைக்களத்தின் எல்லைக்கல் வந்து தங்கள் காணிக்கு நடுவே நின்ற கதை ஒரு பாட்டு. நுண்கடன் வசூலிக்க வருகிறவனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுப் பின்கதவால் போகும் ஒரு தாயைப் பற்றி இன்னொன்று. விளையாட்டுக் கழக விழா ஒன்றில் அந்தப் பாட்டைப் பாடியபோது, கதிரைகளில் பின்வரிசையில் இருந்த மாதர் சங்கப் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்களுக்கு ரொக் என்றால் என்னவென்று தெரியாது. பாட்டில் இருந்த பெண்ணை அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குழுவுக்கு ஆட்கள் சேர்ந்தது அப்படித்தான். சுவரொட்டியோ விளம்பரமோ இல்லை. முதலில் விளையாட்டுக் கழகங்களின் ஆண்டு விழாக்களில், கரோக்கே பாடுகிறவர்களுக்கு நடுவே பத்து நிமிடம் கொடுத்தார்கள். பிறகு அரை மணித்தியாலம். பெற்றோல் காசும் இரவுச் சாப்பாடும்தான் சம்பளம். கைபேசியில் எடுத்த காணொளி வட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. இப்போது மல்லாவி, மாங்குளம், ஒட்டுசுட்டான், விசுவமடு, பரந்தன் என்று எங்கெங்கிருந்தோ மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் மூன்று பேராக வருகிறார்கள், பாட்டு வரிகளைப் பாடமாக்கிக்கொண்டு. நீங்கள் நிறுத்திய நிகழ்ச்சிதான் அவர்கள் தாங்களாக ஏற்பாடு செய்த முதல் முழு நிகழ்ச்சி. நுழைவுச்சீட்டு 300 ரூபா வைத்தார்கள். களியாட்ட வரி எவ்வளவு கட்ட வேண்டும் என்று சபை அலுவலகத்துக்குத் தாங்களாகவே போய்க் கேட்டார்கள். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்த பிள்ளைகளுக்குச் சபை கொடுத்த பாடம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டத்தில் நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

போரால் பாதிக்கப்பட்ட சனத்துக்கு இந்த அதிர்வொலி பழைய நினைவுகளைக் கிளறும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். திடீர்ச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கைகால் நடுங்குகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆலைக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அம்மா ஒருவர் அப்படிப்பட்டவர். மகனை முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்தவர். பெரிய ட்ரம்மின் சத்தம் முதல் நாள் கேட்டபோது அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இது தெரிந்ததும் மூன்று பிள்ளைகளும் அவரிடம் போனார்கள். அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, எந்த ட்ரம் எந்தச் சத்தம் போடும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். கால் மிதியை அவர் காலாலேயே மிதிக்கச் செய்தார்கள். அதன் பிறகு, சத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தனக்குப் பயம் இல்லை என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து ஒத்திகை தொடங்க முதல் ஒரு பிள்ளை போய் அவரிடம் சொல்லிவிட்டு வருகிறது. சன்னதம் பிடித்தவர்கள்போல இந்தப் பிள்ளைகளைப் பேசினீர்களே, உங்களில் யாராவது அந்த அம்மாவிடம் போய் ஒரு சொல் கேட்டீர்களா? திருவிழா வாணவேடிக்கைக்கும், தேர்தலில் வென்ற அன்று உங்கள் ஆதரவாளர்கள் கொளுத்திய வெடிக்கும் யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்திருந்தார்கள். 2007 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகிறது. பிள்ளைகள் கேட்டது மாலை 4 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, அதுவும் சுவருக்குள்ளே. பரீட்சைக் காலமும் இல்லை. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்ததைச் சிலர் எடுத்துக்காட்டினார்கள். ஹரிகரன் பாட வந்த அந்த நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு போனது உண்மை. ஆயிரக்கணக்கில் சனம் கூடிய திறந்தவெளி அது. அங்கே பாடியது ரொக் இல்லை, சினிமாப் பாட்டு. அதற்காகச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியை நீங்கள் தடைசெய்யவில்லை. உங்கள் மண்டபத்தில் எத்தனை கதிரை இருக்கிறதோ அத்தனை நுழைவுச்சீட்டுத்தான் பிள்ளைகள் அச்சடித்தார்கள். வாசலில் நிற்க விளையாட்டுக் கழகத்துப் பெடியள் ஒத்துக்கொண்டிருந்தார்கள். பயம் இருந்தால் கூட்டக் கட்டுப்பாட்டுக்கு நிபந்தனை விதித்திருக்கலாம். அவர்கள் எதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தார்கள்.

மிகவும் வலித்த காரணம் கடிதத்தில் இல்லாதது. "பொம்பிளைப் பிள்ளை ஒன்று இரவில் மேடையில் நின்று துள்ளுவதை எங்கள் சனம் பார்க்க வேண்டுமா?" என்று கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். தவிசாளர் அவர்களே, நீங்கள் அதைக் கண்டிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் தகப்பன் இல்லை. தாய் தோட்டம் செய்து வளர்த்த பிள்ளை. காலையில் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் மேடையில் துள்ளுவதில்லை; ஓரமாக, அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்று வாசிக்கிறாள். மற்ற இருவரும் தாளத்தில் ஓடினாலும் பிடித்து நிறுத்துகிறவள் அவள்தான். துள்ளினாலும் அது அவள் உரிமை. இந்த வன்னியில் குடும்பத்தையும் வயலையும் கடனையும் தனியாகத் தூக்கிச் சுமக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே, ஒரு பெண் நாலு கம்பி உள்ள வாத்தியத்தைத் தூக்கியதற்குச் சிரிப்பது என்ன நியாயம்? அந்தச் சிரிப்பு அன்று மாலையே அவளுடைய தாயின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. இனி வாசிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பேசினேன். தாய் இன்னும் முழுமனதோடு சம்மதிக்கவில்லை.

எனக்கு ஆதரவாகப் பேசிய சிலர், பெடியள் ஐஸுக்கும் கசிப்புக்கும் போகாமல் இருக்க இப்படி ஏதாவது வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். போதைப்பொருள் எங்கள் பிள்ளைகளை அழித்துக்கொண்டிருப்பது உண்மை. அதைத் தடுக்கச் சபையும் பொலிஸும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்காக அந்த வாதத்தை நான் வைக்க மாட்டேன். கெட்டுப் போகாமல் இருப்பதற்காக இவர்கள் வாசிக்கவில்லை. நல்ல இசை என்பதற்காக வாசிக்கிறார்கள். அது நல்ல இசை என்பதற்காகத்தான் மண்டபம் கேட்கிறேன். அவர்களோடு படித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள், மீதிப் பேர் ஏஜென்சிக்குக் காசு சேர்க்கிறார்கள். இவர்கள் மூவரும் இங்கே இருந்து எதையோ செய்ய நினைக்கிறார்கள். கொழும்புக்கு வந்து வாசியுங்கள் என்று கேட்டவர்களிடம், முதல் நிகழ்ச்சி ஊரில்தான் என்று சொன்னவர்கள்.

அந்த மண்டபம் பொதுப்பணத்தில் கட்டியது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருசம் எங்களுக்கு உறுப்பினர்களே இல்லை. குப்பை அள்ளுவதற்கும் தெருவிளக்குக்கும் செயலாளரின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றோம். 2025 மே 6 ஆம் திகதி வரிசையில் நின்று உங்களைத் தெரிவுசெய்தோம். அந்த மூன்று பிள்ளைகளும் அன்றைக்குத்தான் தங்கள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். தன் பண்பாட்டைத் தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ அனுபவிக்கவும் வளர்க்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை இருக்கிறது என்று அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை சொல்கிறது. எந்தச் சத்தம் வன்னியின் பண்பாடு, எது இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் பிரதேச சபைக்குக் கொடுக்கவில்லை. மண்டபத்தை எல்லோருக்கும் ஒரே விதியில் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

என் கோரிக்கைகள் இவை.

மேற்கத்தேய வாத்திய நிகழ்ச்சிகளுக்கு மண்டபம் இல்லை என்ற தீர்மானத்தை அடுத்த மாதக் கூட்டத்திலேயே மீளப்பெற வேண்டும். மண்டபத்தை யாருக்கு, என்ன கட்டணத்தில், என்ன நிபந்தனையில் கொடுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் வகுத்து, கலியாண டி.ஜே.க்கும் அரசியல் கூட்டத்துக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும்படி சபை அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும்.

பிள்ளைகள் கட்டிய வாடகையும் பிணைப்பணமும் இன்னும் திரும்பவில்லை. அதை உடனே கொடுக்க வேண்டும். சவுண்ட் சேர்விஸ்காரருக்கும் ஜெனரேட்டருக்கும் கொடுத்த முற்பணம் உங்கள் முடிவால் நட்டமானது. பற்றுச்சீட்டுகள் அவர்களிடம் இருக்கின்றன, அதையும் சபைதான் ஈடுசெய்ய வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்கியவர்களின் காசை அவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து ஒவ்வொருவராகத் தேடித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிகழ்ச்சிக்குப் புதிய நாள் ஒன்று ஒதுக்கித் தர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் மல்லாவியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் யாரும் இரவில் மோட்டார் சைக்கிளில் வர முடியாது. ஆகவே மழைக்கு முன், இல்லையென்றால் தை மாதம் அறுவடை முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை தாருங்கள். அன்றைக்கு உறுப்பினர்கள் எல்லோரும் வந்து முன்வரிசையில் இருந்து கேட்க வேண்டும் என்றும் கேட்கிறேன். ஆலைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய சந்தைக் கட்டடத்தில் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறைகளில் ஒன்றை இளையவர்களின் ஒத்திகைக்குத் திறந்துவிடுங்கள். ரொக் மட்டும் இல்லை, கூத்துப் பழகுகிற பிள்ளைகளும் மிருதங்கம் பழகுகிற பிள்ளைகளும் இடமில்லாமல்தான் இருக்கிறார்கள். திறப்பைப் பொறுப்பெடுக்கவும், நேர அட்டவணை போடவும், மின்கட்டணத்துக்குக் கணக்கு வைக்கவும் நான் ஆயத்தம். சம்பளம் எதுவும் வேண்டாம்.

பேஸ் கிற்றார் வாசிக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தைகளைச் சொன்னவரே சபையில் திரும்பப் பெற வேண்டும். அது கூட்டக் குறிப்பில் பதியப்பட வேண்டும். பதிந்த பக்கத்தின் பிரதி ஒன்றை அவளுடைய தாய்க்கு அனுப்ப வேண்டும்.

மண்டபம் மறுக்கப்பட்டதற்கான முழுக் காரணங்களையும், அந்தக் கூட்டத்தின் குறிப்புகளையும், கடந்த ஒரு வருசத்தில் மண்டபம் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவையும் கேட்டு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். 14 வேலை நாட்களுக்குள் அதற்குத் தீர்மானம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்களுக்குள் பதிலை எழுத்தில் தாருங்கள்.

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
வன்னி